தோளில் சாயாத இளவரசர்

கீழ்வானில் எழுந்த முழுமதி தென்பெண்ணையாற்றின் அகன்ற நீர்ப்பரப்பில் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருக்க, கரையோரத்து நாணற்புதர்களில் நாரைகள் ஒவ்வொன்றாக வந்து அடங்க, மருத மரங்களின் சலசலப்பு மெல்ல ஓய்ந்துகொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில், நெடுங்கரைக் கோட்டையின் நீர்வாயிலில் தளபதி செங்கீரன் ஒரு படகை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தான். பகைவரின் படகாக இருக்குமோ என்று வாசகர்கள் வாளை உருவிவிட வேண்டாம். அந்தப் படகில் வரவிருந்தவர்கள் செவிலி வேலை கேட்டு வரும் இரண்டு பெண்கள்தாம்!

நாற்பது யானைகளைப் பார்த்த மாத்திரத்தில் எது போருக்கு ஆகும், எது ஆகாது என்று பிரித்துவிடுகிற செங்கீரனுக்குச் செவிலியைத் தேர்வதெப்படி என்பது மட்டும் விளங்கவேயில்லை. ஆனாலும் தப்ப வழியில்லை. மன்னர் வில்லவராயர் வடக்கே வெண்மலை நாட்டுப் படையோடு பொருதப் புறப்பட்டபோது, அண்மையில் காய்ச்சலில் தாயை இழந்த தம் நான்கு மாத மகனைக் காட்டி, "நான் திரும்பும்போது இவன் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையேல் என் முகத்தில் விழிக்காதே" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். அன்று கொழுகொழுவென்றிருந்த குழந்தை இன்று எலும்பும் தோலுமாகிவிட்டான். புகட்டிய பாலையெல்லாம் கக்கினான், கக்கிவிட்டு வீறிட்டான், வீறிட்டுக் களைத்துத் துவண்டான். வைத்தியர் பாலை மாற்றினார். சோதிடர் நாளை மாற்றினார். பணிப்பெண்களோ பயந்து ஆளாளுக்கு விலகிக்கொண்டார்கள்.

படகு வந்தது. இருவரையும் அந்தப்புர முற்றத்துக்கு அழைத்துச் சென்றான் செங்கீரன். அங்கே மன்னரின் தமக்கையும், அரண்மனை வழக்கங்களின் காவல் தெய்வமுமான அமுதவல்லி நாச்சியார் வீற்றிருந்தார்.

முதலாமவள் மங்கலை. மூன்று ஊர்ச் செல்வர்கள் வீட்டில் பிள்ளை வளர்த்தவள் என்று பேர்.

"குழந்தை ஓயாமல் அழுதால் என்ன செய்வாய்?" என்று கேட்டான் செங்கீரன்.

"அழவே விடமாட்டேன், தளபதியாரே. கடுகளவு அபினைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் போதும். விடியும்வரை அசையாது!"

உண்மையைச் சொல்லிவிடுவோம். இதைக் கேட்டதும் செங்கீரனுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான் உண்டாயிற்று. பல நாளாக அந்த அழுகையைக் கேட்டுக் கேட்டு அவன் நெஞ்சு நைந்திருந்தது. 'இவளே போதும்' என்று சொல்ல வாயெடுத்தான்.

"அந்தக் கையில் குழந்தையைக் கொடுக்காதீர்கள்!" என்றாள் தூணருகே நின்ற இரண்டாமவள். "குழந்தை இருக்கும் நிலையில் அபின் கொடுத்தால், நீங்கள் விரும்புகிற அமைதி நிரந்தரமாகவே கிடைத்துவிடும்."

வாயெடுத்த செங்கீரன் அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினான். மங்கலைக்குத் தாம்பூலம் அளித்து அனுப்பிவிட்டான். அவள் முந்தானையை விரித்து, குனிந்து, இரு கையாலும் வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடியே படியிறங்கினாள்.

இரண்டாமவள் தன் பெயர் தும்பை என்றாள். மாநிறம், வழிநடைப் புழுதி படிந்த சேலை, கண்களில் மட்டும் ஏதோ ஓர் அவசரம். "நீ என்னென்ன அறிவாய்?" என்று நாச்சியார் கேட்டதற்கு, "முதலில் குழந்தையைப் பார்க்கலாமா, தாயே?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்தத் துணிச்சல் செங்கீரனுக்கு எரிச்சலூட்டியது. கொஞ்சம் பிடிக்கவும் செய்தது.

தொட்டிலருகே போனவள் குழந்தையைத் தொடவில்லை. தொட்டிலின் மேல் தொங்கிய முத்துச்சரங்களை இழுத்துப் பார்த்தாள். ஒரு முத்து கழன்று கையோடு வந்தது. "இது தொண்டையில் சிக்கினால் எந்த வைத்தியராலும் எடுக்க முடியாது" என்று சரம் முழுவதையும் அவிழ்த்துப் பணிப்பெண்ணிடம் கொடுத்தாள். குழந்தையின் கழுத்தில் காப்பாகக் கட்டியிருந்த ஐம்படைத்தாலியை, "விழித்திருக்கும்போது அணியட்டும், உறங்கும்போது கயிறு கழுத்தை இறுக்கும்" என்று கழற்றினாள். நாச்சியாரின் புருவங்கள் உயர்ந்தன. பிறகு தும்பை தன் கையைத் தேய்த்துக் கழுவி, பால் புகட்டும் சங்கைக் கொதிநீரில் போட்டெடுக்கச் செய்து, ஆட்டுப்பாலை மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தாள். குழந்தையைச் சற்றே நிமிர்த்திப் பிடித்து, அவன் விழுங்கும்வரை பொறுத்துப் பொறுத்து ஊட்டினாள்.

பால் முடிந்தது. அடுத்து அவள் செய்த காரியந்தான் முற்றத்தையே கதிகலங்கச் செய்தது. இளவரசரைத் தூக்கித் தன் தோளில் சாய்க்கப் போனாள்!

"நிறுத்து!" என்று எழுந்துவிட்டார் நாச்சியார். "வில்லவர் குலத்து வாரிசு பிறர் தோளில் முகம் கவிழ்ப்பதில்லை. தோற்றவன்தான் வென்றவன் தோளில் அப்படிக் கவிழ்வான். ஏழு தலைமுறையாக எங்கள் குழந்தைகள் மல்லாந்தே வளர்ந்தார்கள்!"

"அவர்களுக்குத் தாய்ப்பால் இருந்தது. இவன் சங்கில் குடிக்கிறான். பாலோடு காற்றையும் விழுங்குகிறான். காற்று வெளியேறாமல் கிடத்தினால் பாலைத் தள்ளிக்கொண்டுதான் வரும். இத்தனை நாளும் நடந்தது அதுதானே, தாயே?"

செங்கீரனின் கை வாளின் பிடிக்குப் போயிருந்தது. குலவழக்கத்தைக் காப்பதும் அவன் கடமைதான். ஆனால் மன்னர் கேட்டது வழக்கத்தை அல்லவே, மகனை அல்லவா? குச்சியாய் மெலிந்த அந்தச் சின்னக் கால்களைப் பார்த்தான், வாளிலிருந்து கையை எடுத்தான்.

"பழி என் தலையில் விழட்டும், நாச்சியாரே" என்றான். "பெண்ணே, சாய்த்துக்கொள்."

தும்பை குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டினாள். சிறிது நேரத்தில், விருந்துண்டபின் படைத்தலைவன் விடுவதுபோன்ற பெரியதொரு ஏப்பம் அந்தச் சிறு வாயிலிருந்து புறப்பட்டது. குழந்தை கக்கவில்லை. அழவுமில்லை. கன்னத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு உறங்கிப்போனான். நாச்சியார் முகத்தைத் திருப்பிக் கண்களைத் துடைத்துக்கொண்டு, "இவளையே அமர்த்திக்கொள்" என்று சொல்லிவிட்டுக் குலதெய்வத்திடம் மன்னிப்புக் கேட்கப் போய்விட்டார்.

வேலைக்கு அமர்த்துவதற்கு அடையாளமாகச் செங்கீரன் தாம்பூலத் தட்டை நீட்டினான். ஒரு தோளில் குழந்தையை அணைத்தபடியே அவள் மற்றொரு கையை நீட்டி, இரு விரலால் வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். குனியவில்லை, ஏந்தவில்லை. தட்டு தன்னைத் தேடி வருவதே உலக இயல்பு என்பதுபோல் நின்றாள்.

செங்கீரன் பணிப்பெண்களை வெளியே போகச் சொன்னான்.

"குழந்தையை ஏந்திப் பழகிய கைகள்தாம், அதில் ஐயமில்லை. ஆனால் பிறரிடம் வாங்கிப் பழகிய கைகள் அல்ல. யார் நீ?"

அவள் முகம் வெளிறியது. குழந்தையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள். "பேச்சையும் நடையையும் வழியெல்லாம் பழகினேன். வெற்றிலை வாங்கப் பழக மறந்துவிட்டேன்" என்று பெருமூச்செறிந்தாள். "என் பெயர் வேண்மாள். வெண்மலை அரசரின் இளைய மகள். இக்குழந்தையின் சிற்றன்னை."

பகைவனின் மகள்! வெண்மலையார் எவர் அகப்பட்டாலும் சிறையிலிட வேண்டும் என்பது மன்னரின் ஆணை.

"அரசகுமாரிக்குச் சங்கில் பாலூட்டும் வித்தை எப்படித் தெரியும்?"

"எங்கள் நாட்டில் அரசன் மகளானாலும் மணமாகுமுன் ஓராண்டு பிள்ளைப்பேற்று இல்லத்தில் பணி செய்தாக வேண்டும். என் தமக்கையும் செய்தாள். பிழைத்திருந்தால் உங்கள் வழக்கத்தை அவளே முறித்திருப்பாள். அவளை நீங்கள் கொன்றுவிட்டதாக நம்பித்தான் தந்தை போர் தொடுத்தார். அவள் மகனும் போய்விட்டால் இந்தப் போர் ஓயவே ஓயாது. சிறையிலிடுவதென்றால் இடுங்கள், தளபதியாரே. ஆனால் விடிந்ததும் இவனுக்குப் பாலூட்ட யாரை அனுப்புவீர்கள்?"

செங்கீரன் அவள் தோளில் உறங்கும் குழந்தையைப் பார்த்தான். பிறகு உறையிலிருந்து வாளை எடுத்து அவள் காலடியில் வைத்தான்.

"இளவரசர் தம் கையால் சோறெடுத்து உண்ணும் நாள்வரை தங்கள் பெயர் என் நாவில் வராது, தேவி. மன்னர் கேட்டாலும் வராது. அன்று நானே எல்லாவற்றையும் சொல்லித் தண்டனையை ஏற்பேன். இந்த வாளின் மீது ஆணை."

"அந்த நாள்வரை நான் இக்கோட்டை வாயிலைத் தாண்டமாட்டேன். இந்தக் குழந்தையின் மீது ஆணை" என்றாள் வேண்மாள். பிறகு, "அதன்பின் தாண்டித்தான் ஆகவேண்டுமே" என்று நிலவைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் கை அலம்பப் போக வேண்டியிருந்ததால் குழந்தை செங்கீரன் தோளுக்கு இடம் மாறினான். கவசத்தின் மேல் கொஞ்சம் பாலைக் கக்கிவிட்டு, மறுபடி உறங்கினான். இளவரசர் விரைவாக வளர வேண்டும் என்று நாள்தோறும் தெய்வத்தை வேண்டிவந்த அந்தத் தளபதி, அன்றுதான் முதன்முறையாக, கொஞ்சம் மெதுவாகவே வளரட்டும் என்று வேண்டிக்கொண்டான்.