நீலக் கதவுக்குப் பின்னால் ஒரு குரல்

"மகளே... சாப்பிட்டியா?"

நீலக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டதும் கிரெட்டாவின் முகம் மலர்ந்தது. அமெரிக்கப் பாலைவன நகரமான டூசானில் எப்போதாவது எட்டிப் பார்க்கும் மழை அன்று கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தை வழக்கம்போல் வாசல் நாற்காலியில் வைத்தாள்.

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் புத்தகத்தோடு நிற்கக் கூடாது, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுத்து நாலு வார்த்தை பேசிவிட்டும் வர வேண்டும் என்பது அவள் கல்லூரியின் ஏற்பாடு. மற்ற வீடுகளில் கதவு திறக்கும். ஒஃபெலியா அம்மா வீட்டில் மட்டும் திறந்ததே இல்லை. திரைச்சீலை அசையாது... காலடிச் சத்தம் கேட்காது... ஓர் இருமல், கிண்ணத்தில் கரண்டி தட்டும் ஓசை, பிறகு அந்தக் குரல். "குளிருது மகளே, போர்த்திக்கோ." கொளுத்துகிற வெயிலிலும் அதேதான்! கேட்கும்போது முதுகு ஜில்லிடும். ஆனாலும் சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? ஸ்பானிஷே அந்தக் குரலிடமிருந்துதான் அவள் நாக்கில் ஏறியது.

"சாப்பிட்டேன்மா. நாளைக்கும் வரேன்."

"யார்கிட்டங்க பேசுறீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். நனைந்த தலையும் கையில் சாவியுமாக ஒருவன். இமைகளில் மழைத்துளி... அதற்குள்ளே தூக்கம் தொலைத்த பெரிய கண்கள்.

"ஒஃபெலியா அம்மாகிட்ட. நான் கிரெட்டா, சாப்பாடு கொண்டு வர்றவ. நீங்க?"

"அவங்க மகன், எலிசியோ." அவன் குரல் இறங்கியது. "அம்மா கோடையிலேயே போயிட்டாங்க."

உள்ளே யாரோ இருமினார்கள்.

அவள் அவனுடைய சட்டைக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "அப்போ... உள்ள யாரு?"

அவன் கதவைத் திறந்தான். இருட்டு. பூட்டிக் கிடந்த அறையின் வாடை. மூலையில் ஒரு கூண்டு. பச்சைக் கிளி தலையைச் சாய்த்து, செத்துப்போனவளின் மூச்சிரைப்போடு கேட்டது. "மகளே... சாப்பிட்டியா?"

"கிளியா!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்போ நான் வெச்ச சாப்பாட்டை எல்லாம் சாப்பிட்டது இதுதானா?"

"இல்ல... நான். வேலை முடிஞ்சு வந்து எடுத்துக்குவேன்."

"செத்தவங்க பேர்ல வர்ற சாப்பாட்டையா?"

வாய் தவறி வந்துவிட்டது. அவன் முகம் சிவந்தது.

"இனிமே கொண்டு வர வேண்டாம்."

நீலக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவன் சட்டைக் கையைப் பிடித்த விரல்களில் சூடு மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது.

அதன்பின் ஸ்பானிஷ் வகுப்பில் அவள் நாக்கு கட்டையாகிப் போனது. அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் நடை தயங்கும். 'மன்னிப்பு கேட்கலாம்தான்... ஏன், அவன் கேட்டால் ஆகாதா?' வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை!

இறந்தவர்கள் வீடு திரும்புவதாக மெக்சிகோக்காரர்கள் நம்பிக் கொண்டாடும் நாளன்று, சாப்பாடு கட்டுகிற கூடத்துக்கு அவனே வந்து நின்றான்.

"கிளி பேச மாட்டேங்குதுங்க. நீங்க வர்றது நின்னதுலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. இன்னிக்கு அம்மா வர்ற நாள்... இருக்கிற ஒரே குரலும் போயிடுமோன்னு பயமா இருக்கு." தரையைப் பார்த்தான். "அம்மா போனப்புறமும் சாப்பாட்டை நிறுத்தச் சொல்ல மனசு வரல. வாசல்ல தினம் அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தராவது வந்தீங்க. அதான்..."

'சாப்பாடா பெரிசு, மண்டு!' என்று தன்னையே திட்டிக்கொண்டு உடன் நடந்தாள்.

உள்ளே அம்மாவின் படத்துக்கு முன் செண்டுமல்லி, மெழுகுவத்தி, தட்டில் ஆவி பறக்கும் தமாலே என்னும் சோளக் கொழுக்கட்டை. கிளி கல்லாக உட்கார்ந்திருந்தது.

"நான் வெளியில நிக்கிறேன். கதவைச் சாத்துங்க," என்றாள். வழக்கமான இடத்தில் நின்று, வழக்கம்போல் கூப்பிட வாயெடுத்தாள். வந்தது வேறு.

"மகனே... சாப்பிட்டியா?"

இழுப்பும் இரைப்பும் அப்படியே ஒஃபெலியா அம்மா. அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே அவன் விம்முவது கேட்டது. அப்புறம் கிளி வாய் திறந்தது... அம்மாவின் குரலில் அல்ல. தயங்கித் தயங்கி, ஓர் ஆணின் குரலில்.

"கிரெட்டா... போகாத, கிரெட்டா..."

கதவு திறந்தது. எலிசியோவின் காதுவரை சிவப்பு.

"கிளிக்கு என் பேரை யாரு சொல்லிக் கொடுத்தா?"

"கதவைச் சாத்தின அன்னிலேர்ந்து... தனியா சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உன் முகத்துக்கு நேரா சொல்லத்தான் தைரியம் வரல." ஈரக் கண்களை நிமிர்த்தினான். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. சாப்பாடு வேண்டாம்... நீ வா."

"எனக்கும்தான்..." என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், உள்ளிருந்து அந்தப் பழைய குரல் வந்தது. இத்தனை நாளில் ஒருமுறைகூடச் சொல்லாததைச் சொன்னது.

"உள்ள வா மகளே."

இருவரும் கூண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளி சிறகுக்குள் தலையைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவன் கை அவள் கையைத் தேடியது. கிரெட்டா படத்தைப் பார்த்தாள்.

"வரேன்மா," என்று வாசற்படியைத் தாண்டினாள்.