பூஜ்யம் காட்டிய பெட்டி

லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுபோய்விட்டது. தரையில் வைத்திருந்த கருவியின் சின்னத் திரையில் மட்டும் எண் பூஜ்யத்துக்கு வரவில்லை. நொடிக்கு இரண்டு டிகிரி. மறுபடியும் இரண்டு.

உள்ளே மாட்டிக்கொண்ட நெர்மீனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அலெக்ஸாந்திரியாவின் இந்தப் பழைய கட்டடத்தில் குடியிருப்பவர்கள் 'லிஃப்ட் சுத்துது' என்று நச்சரித்ததால், சுழற்சியை உணரும் கைரோ சென்சரையும் அதைப் படிக்கும் மைக்ரோகண்ட்ரோலரையும் இணைத்து அவளே செய்த கருவி அது. இரண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம் பிடித்திருக்கும் பெட்டி எங்கேயாவது சுழலுமா? மதிய வெயிலில் மரப்பலகை புழுங்கியது. கிரீஸ் வாடையும், கீழ்க்கடையில் மீன் பொரிக்கும் வாடையும், எங்கோ கம்பி உரசும் மெல்லிய முனகலும் சேர்ந்து அவளுக்கு மூச்சு முட்டியது.

"சூட்டுல சென்சர் உளறுது, இன்ஜினியரம்மா," நான்காம் மாடியில் நின்ற கணவன் ஹில்மி போனில் சிரித்தான். "அணைச்சுட்டு மறுபடி ஆன் பண்ணு. ஆன் பண்றப்ப அசையாம இருந்தாத்தானே அது பூஜ்யத்தைக் கத்துக்கும். மறந்துட்டியா?"

"முதல்ல என்னை வெளிய எடு. உன் சிரிப்பை அப்புறம் வச்சுக்கலாம்."

அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தாள். பூஜ்யம். அப்பாடா.

ஹில்மியின் கடப்பாரை கிரீச்சிட்டது. கதவைப் பார்த்து நின்றாள் நெர்மீன். சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. எதிரொலிதான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

பெட்டி லேசாகக் குலுங்கியது. திரையில் மைனஸ் இரண்டு.

யா அல்லாஹ்! பெட்டி சுழலும்போதே கருவியை ஆன் செய்திருக்கிறாள். அந்தச் சுழற்சியைத்தான் அது பூஜ்யம் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நேரமும் பெட்டி சுழன்றிருக்கிறது. இப்போதுதான் நின்றிருக்கிறது.

"ஹில்மி..."

"மாடிக் கதவைத் திறந்துட்டேன்." அவன் குரலில் சிரிப்பு இல்லை. "இங்க உன் கதவைக் காணோம். வெறும் பின்பலகைதான் தெரியுது. உன் கதவு எந்தப் பக்கம்டி?"

சுவர்ப் பக்கம். மொட்டைச் செங்கல் சுவர். அங்கே மாடி இல்லை. ஆள் நிற்க இடமும் இல்லை.

பின்பலகையை ஓங்கி அறைந்தாள். "உடை! உடைச்சு என்னை எடு, ஹில்மி!"

கதவின் இரண்டு பாதிகளுக்கு நடுவே செங்கல் தூள் உதிர்ந்தது. பிறகு, அந்த இடுக்கில் வெளியிலிருந்து விரல்கள் நுழைந்தன. நிதானமாக.

கதவை விலக்க ஆரம்பித்தன.