முழுக் குப்பி

மருந்து கொடுக்கிற நாளில் ஏசுவடியான் விடிந்தும் விடியாமல் வரிசைக்குப் போய்விடுவார். எட்டு மணிக்குத்தான் கதவு திறக்கும் என்று அரசாங்கம் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அரசாங்கத்தை நம்பி அவர் எதையும் செய்ததில்லை. பழைய மணற்கரையைக் கடல் தொடாது என்று சொன்னதும் இதே அரசாங்கம்தான். இப்போது அந்த ஊரின் கோயில் கோபுரத்தில் மீன் குடியிருக்கிறது.

வரிசையில் நூறு வயதுக்காரர்கள் நின்றார்கள். நூற்றிருபதும் இருந்தது. பார்வைக்கு ஒருவருக்கும் நாற்பத்தைந்தைத் தாண்டாது. ஏசுவடியானுக்கு நூற்றி நான்கு. குடிநீர் ஆலையில் இன்றைக்கும் குழாய் பொருத்துகிறார். இருநூறு பேர் நின்ற அந்த வரிசையில் வயசு தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான். அது அவர் பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஞானப்பூவின் முகம்.

முன்னால் நின்ற பெண் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தன் பிள்ளையின் தலையைப் பிடித்து நேராகத் திருப்பி வைத்தாள். சுருக்கம் விழுந்த முகத்தை அந்தப் பிள்ளை பார்த்ததே கிடையாது. ஞானப்பூவின் கையில் இருந்த ஊன்றுகோல் ஏசுவடியான் செய்தது. ஊரில் எந்தக் கடையிலும் ஊன்றுகோல் விற்பதில்லை. ஆலையில் கழித்துப் போட்ட முக்கால் அங்குலக் குழாயைச் சூடு காட்டி வளைத்துக் கொடுத்திருந்தார்.

கதவு திறந்தது. கண்பதிவுக் கருவி இருவர் கண்ணையும் பார்த்துவிட்டு ஆளுக்கொரு குப்பியைத் தள்ளியது. சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும், உள்ளே வெளிறிய தேயிலை நிறத்தில் மருந்து. காகிதத்தில் அதற்கு ஆயுள்நீட்சி மருந்து என்று பெயர். ஊர்வாயில் நீட்டி.

"அம்மா," என்றாள் மருந்து நிலையத்து ஊழியக்காரப் பெண், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு வருஷம் நீங்க எடுத்துக்கல. இந்த வருஷமும் விட்டா உடம்பு இதை ஏத்துக்காது. அப்புறம் நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. இங்கேயே நாக்குல விட்டுக்கிறீங்களா?"

"வீட்டுல போய்ப் பாத்துக்கிடுதேன் தாயி."

"பாத்துக்கிடுவா," என்றார் ஏசுவடியான். தன் குப்பியை அங்கேயே உடைத்து நாக்கில் ஊற்றிக்கொண்டார். வேப்பங்காயை மென்றதுபோலக் கசந்தது. கசப்பு தாங்காதவர்கள் பாலில் விட்டுக் குடிப்பார்கள். அவர் அப்படியே விழுங்குகிற ஆள்.

ஒரு வருஷம் நீட்டி எடுக்காவிட்டால் அதுவரை அது தடுத்து வைத்திருந்த வயதெல்லாம் மடை திறந்தமாதிரி வந்து சேரும். ஞானப்பூ முதல் வருஷம் விட்டபோது தலை நரைத்தது. இரண்டாம் வருஷம் முதுகு வளைந்தது. மகள் ஜாய்ஸ் அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பேரப்பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றாள். பயந்தது பிள்ளைகள் இல்லை என்று ஏசுவடியானுக்குத் தெரியும்.

எல்லாம் கோயிலில் ஆரம்பித்தது. ஊர்ப் பெரிய கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பின் பண்டிகை அன்று சபையார் எல்லாரும் அந்த வருஷத்து நீட்டியைக் குடித்துவிட்டு, காலிக் குப்பியைத் தட்டில் வைத்து ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். வெள்ளித் தட்டில் காலிக் குப்பிகள் மின்னும். பாட்டும் நன்றாக இருக்கும். மூன்று வருஷத்துக்கு முந்தின பண்டிகையில் ஞானப்பூ தட்டைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"குடிச்சு முடிச்ச சக்கையத்தான் நாம அவருக்குக் குடுக்கோம்," என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"அவருக்கு எதுக்குட்டி மருந்து? அவருதான் சாகமாட்டாரே," என்றார் இவர்.

"சாகுதவங்க இருக்காவ."

இருந்தார்கள். புது ஊரைக் காக்கக் கட்டின கடல்சுவருக்கு வெளியே, உப்பளத்தில். ஊரைக் கடல் கொண்டுபோனபோது பதிவு முடிவதற்கு முன்னால் வந்து சேர முடியாதவர்கள் அவர்கள். அவர்களுக்குக் குப்பி கிடையாது. அந்தக் காலத்து மனிதர் மாதிரி வயசாகிச் சாவார்கள். பாதிப்பேர் அதற்கும் முன்னால் உப்புத்தூசி நெஞ்சில் கட்டி, இருமி இருமிச் சாவார்கள். நீட்டியே எடுக்காத உடம்பில் ஒரு குப்பி போனால் நுரையீரல் ஆறேழு வருஷம் தாங்கும். குப்பியை இன்னொருவருக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. பெற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும் என்று வைத்த கைமாற்று விதி அது. முன்பின் தெரியாத ஆளுக்கு ஒருத்தி தூக்கிக் கொடுப்பாள் என்று சட்டம் எழுதினவனுக்குத் தோன்றியிருக்காது.

உப்பளத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் மாசிலாமணி உபதேசியார் ஒரு சின்னச் சபையை நடத்தினார். மொத்தம் பதினோரு பேர். அங்கே தட்டில் முழுக் குப்பியைத்தான் வைப்பார்கள். ஏசுவடியானுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. குப்பியை வாங்கி வெளியே விற்கிறான் என்று முடிவு கட்டி, ஒருநாள் மத்தியானம் பின்னாலேயே போனார். உபதேசியார் ஒரு குடிசைக்குள் நுழைந்து, இருமிக்கொண்டிருந்த ஒருவன் வாயில் குப்பியைக் கவிழ்த்துவிட்டு, அவன் எச்சில் துடைத்து உட்கார்ந்திருந்தார். ஏசுவடியான் அன்றைக்கு வீடு வந்தது முன்னைவிடப் பெரிய கோபத்தோடு. திருடனாக இருந்தால் பிடித்துக் கொடுத்திருக்கலாம். யோக்கியனை என்ன செய்வது?

நிலையத்திலிருந்து நடந்து வரும்போது கேட்டார். "இந்தத் தடவை யாருக்கு?"

"இசக்கியம்மாளுக்கு. மூணு பிள்ளைக்காரி. ரத்தமா துப்புதா. வாக்குக் குடுத்துட்டேன்."

"எனக்குந்தான் குடுத்த. எம்பது வருஷத்துக்கு முந்தி, பாதிரி ஐயர் முன்னால நின்னு."

ஞானப்பூ நின்றாள். ஊன்றுகோலை மண்ணில் அழுத்தினாள். "அத மறக்கலங்க. அதுக்கு முந்தியே இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன். அதச் சொல்லித்தான ஒங்களக் கட்டுனேன்."

சொல்லித்தான் கட்டினாள். அப்போது அவருக்கு இருபத்தி நான்கு வயசு. பொண்ணு பக்தியானவள் என்றால் நல்லதுதானே என்று நினைத்திருந்தார். பக்தி என்றால் என்ன கேட்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வீட்டில் அவள் குப்பியை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஏசுவடியான் அடுப்பில் கருப்பட்டிக் காப்பி போட்டார். குப்பியை எடுத்தார். மூடியைச் சுற்றியிருந்த உறையைச் சின்னச் சூட்டுக்கோலால் நோகாமல் விலக்கினார். எண்பது வருஷம் கசியாத மூட்டு போட்ட கை அது. மருந்து முழுவதையும் அவள் காப்பியில் ஊற்றி, கசப்பு தெரியாமல் இருக்க இன்னும் இரண்டு துண்டு கருப்பட்டி போட்டார். குப்பியில் நீர்த்த கருப்பட்டித் தண்ணீரை நிரப்பினார். நிறம் அச்சாக அதே நிறம். உறையைப் பழையபடி ஒட்டினார்.

ஞானப்பூ காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னங்க இது, கசக்கு?"

"கருப்பட்டி அடிப்பிடிச்சிட்டு. குடி."

கணவன் போட்ட காப்பி. வீணாக்கக் கூடாது என்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக் குப்பி தட்டுக்குப் போனது. அங்கிருந்து இசக்கியம்மாளுக்குப் போனது. இசக்கியம்மாள் யார் என்று அவர் கண்ணால் கண்டதில்லை. காணாத ஆள்மேல் இரக்கம் வராது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பத்தாம் நாள் ஞானப்பூ ஊன்றுகோலை எடுக்க மறந்து அடுப்படிவரை நடந்துவிட்டாள். இரண்டு வாரத்தில் வகிட்டில் கறுப்பு முளைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் மாசிலாமணி உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு அழுதே விட்டாராம். "அம்மா குடுத்ததைக் கர்த்தர் திருப்பிக் குடுத்துட்டார்! அற்புதம்!" என்று பதினோரு பேரும் முழங்காலில் விழுந்து பாடினார்களாம். பாட்டு முடியும்வரை ஞானப்பூ பொறுத்திருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் இசக்கியம்மாளின் இருமல் எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மோசமாகிக்கொண்டே போகிறது என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காப்பி கசந்துச்சு."

ஏசுவடியானுக்குப் பொய் சொல்லத் தெரியும். அவளிடம் வராது. "ஆமா. நான்தான் ஊத்துனேன்."

"குப்பியில?"

"கருப்பட்டித் தண்ணி."

அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கொட்டகையில அவங்க அற்புதம்னு பாடுனாங்க," என்றாள். "நான் போய் எந்திரிச்சு நின்னு, அற்புதமும் இல்ல ஒண்ணும் இல்ல, என் வீட்டுக்காரர் காப்பில கலந்துட்டாருன்னு சொல்லணும். அதக்கூடச் சொல்லிருவேன். இசக்கியம்மாட்ட என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

"நான் சொல்லுதேன்."

"நீங்க வந்துதான் ஆகணும்," என்றாள்.

மறுநாள் காலை கடல்சுவரின் கதவைத் தாண்டி நடந்தார்கள். குடிசைக்குள் இசக்கியம்மாள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுதான். கட்டிலுக்கு அடியில் மூன்று பிள்ளைகள் சோழி விளையாடிக்கொண்டிருந்தன. அவளுடைய தங்கை சுடலி வாசலில் நின்று, உப்பு வெடித்த கையால் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். துடைக்கும்போதே இரண்டு தடவை இருமினாள்.

ஏசுவடியான் உட்காரவில்லை. சுற்றி வளைத்துப் பேசிப் பழக்கமும் இல்லை. "ஒனக்கு வந்த குப்பியில மருந்து இல்ல. நான் எடுத்து எம் பொஞ்சாதிக்கு ஊத்திட்டேன். ஒனக்கு வந்தது கருப்பட்டித் தண்ணி."

இசக்கியம்மாள் அவரையே பார்த்தாள். ஏசுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி முடித்தாள்.

"மருந்துன்னா கசக்கும்னு சொன்னாவ. எனக்கு இனிச்சிது. நான் நெனச்சேன், ஆயுசு இப்பிடித்தான் இனிக்கும் போலன்னு."

பிறகு கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்து, "சண்டை போடாம வெளாடுங்கலே," என்றாள்.

திரும்பி வரும்போது ஞானப்பூ அழுதுகொண்டே வந்தாள். ஏசுவடியானுக்கு அழுகை வரவில்லை. அந்த இனிப்பு என்ற சொல் மட்டும் பல்லில் சிக்கின நார்மாதிரிக் கிடந்தது. அவருடைய குப்பி அவர் வயிற்றுக்குள் போய்ப் பல நாள் ஆகிவிட்டது. அதைக் கொடுக்கவும் வழி இல்லை. அடுத்த குப்பிக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இசக்கியம்மாள் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் இறந்தாள். குழி வெட்ட ஏசுவடியான் போனார். அன்றைக்கு மாசிலாமணி உபதேசியாரும் மண்வெட்டியோடு நின்றார். மூன்றாம் வருஷமும் தன் குப்பியைக் கொடுத்துவிட்ட அவர் உடம்பு, நாலு வெட்டுக்கு ஒரு தடவை உட்கார்ந்தது.

"தள்ளும் வே, நான் வெட்டுதேன்," என்று மண்வெட்டியைப் பிடுங்கினார் ஏசுவடியான். "ஒம்ம நான் இன்னமும் நம்பல. ஒம்ம ஆண்டவரையும் நம்பல."

"சரி," என்றார் உபதேசியார். "ஆழமா வெட்டுங்க. இங்க மண்ணு சரியும்."

அடுத்த மருந்து நாள் வந்தது. ஏசுவடியான் விடிந்தும் விடியாமல் போய் வரிசையில் நின்றார். குப்பியை வாங்கினார். உடைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் தன் குப்பியோடு வந்த ஞானப்பூ அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, குடிக்கலையா?"

"சுடலிக்கு. அந்த மூணையும் அவதான் வளக்கா. அவளும் இரும ஆரம்பிச்சுட்டா."

"அவளுக்கு நான் குடுக்கேன்ல!"

"நீ வேற யாருக்காவது குடு. அங்க ஆளுக்கா பஞ்சம்?"

ஞானப்பூ அவர் கையைப் பிடித்தாள். தெருவில் அவர் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம். "ஒங்களுக்கு நம்பிக்கை இல்லையே. எதுக்காக நீங்க? எனக்கு ஒருத்தர் கூப்பிட்டாரு, நான் போறேன். ஒங்கள யாரு கூப்பிட்டா?"

"ஒருத்தரும் கூப்பிடல," என்றார். "நான் ஒருத்தி பங்கத் திருடுனேன். அவ்வளவுதான்."

"கூன் விழும். கண்ணு மங்கும். நான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"நான் பாத்தேன்லாட்டி," என்றார்.

அவள் கையை விட்டாள். தான் கூனிப்போன அந்த இரண்டு வருஷமும் அவர் எதை மனசுக்குள் விழுங்கிக்கொண்டு இருந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.

வீட்டில் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கைகால் கழுவக் கொல்லைக்குப் போனார். குப்பி பையில்தான் இருந்தது. வேண்டுமென்றே எடுக்காமல் போனாரா, மறந்து போனாரா என்பது அவருக்கே தெரியாது. கழுவிக்கொண்டு வர நேரம் பிடித்தது. திரும்பியபோது மேசைமேல் காப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கருப்பட்டிக் காப்பி. ஞானப்பூ அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

ஏசுவடியான் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். காப்பியைப் பார்த்தார். குப்பியை எடுத்து உறையைச் சோதித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவர் சோதிக்கவில்லை. டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். ஆயுளில் ஒருத்தரையும் நம்பாத மூக்கு. கருப்பட்டியும் சுக்கும் மணந்தன. அதற்கு அடியில் வேறு என்ன இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

கசந்தால் என்ன செய்வது? துப்புவதா? கசக்க வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டது. கசந்தால் அவள் தன் ஆண்டவரைவிடக் கணவனைப் பெரிதாக எண்ணினாள் என்று ஆகும். எண்பத்தோரு வருஷமாக அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

ஒரு வாய் குடித்தார்.

இனித்தது. இன்னொரு வாய் குடித்தார். அதுவும் வெறும் இனிப்புதான்.

"என்னங்க, நல்லாருக்கா?" என்றாள் ஞானப்பூ திரும்பாமலே. அடுப்பு மேடையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"நல்லாருக்கு," என்றார். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, ஆணியிலிருந்து குப்பியோடு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, உப்பளத்துக்குப் போக வாசலில் நின்று அவளுக்காகக் காத்திருந்தார்.