வராதவருக்கு வைத்த தட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், பிள்ளைகளே. கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு கதை சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போகமாட்டேன்.

ஜெனிதா கண்ணை மூடியிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சாப்பாட்டுச் செபத்தின் நடுவில், நாலாவது கதிரை மரத்தரையில் மெல்ல இழுபட்டது. கண்ணைத் திறந்தாள். எதிரே கணவன் அருள்நேசன் இமைகளை இறுக்கிச் செபித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஏழு வயது மகள் டிலக்சி கைகூப்பியிருந்தாள். நாலாவது கதிரையில் யாருமில்லை. ஆனால் அது மேசையை விட்டு ஒரு சாண் விலகி நின்றது, யாரோ உட்கார இடம் எடுத்துக்கொண்டதுபோல.

அந்தக் கதிரை ஆண்டவருக்கு. அருள்நேசனின் தகப்பன் சொந்த ஊரான கரையூரில் தொடங்கிய வழக்கம் அது. ஒரு தட்டுக் கூடுதலாக வைத்து, ஒரு பிடி சோறு போட்டு, "வந்து எங்களோடு இரும்" என்று அழைப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் வீட்டின் கடைக்குட்டி அந்தச் சோற்றை ஆசீர்வாதமென்று சாப்பிடும். புதுவீட்டுக்குப் போனால் மட்டும் ஒரு ஒழுங்கு உண்டு: முதலில் அறை அறையாகச் செபம், பிறகுதான் தட்டு. ஒஸ்லோவில் பதினொரு வருடம் அந்தக் கதிரை அசைந்ததில்லை; இந்தப் புதுவீட்டில்தான் அசைந்தது.

ஜெனிதாவுக்குப் புருஷன்மேல் கோபம் இருந்தது; அது அந்தக் கதிரையில் தொடங்கியதல்ல. ஒஸ்லோவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன் ஒருநாள் செபக்கூட்டம் முடிந்து வந்து, ஆண்டவர் வடக்கே அழைக்கிறார் என்றான். நாட்டின் உச்சியில், கடலோரத்தில், பதினாலு வீடுகள். போதகர் இல்லாத ஒரு சின்னச் செபவீடு. அதைப் பார்த்துக்கொள்ள வரும் குடும்பத்துக்கு அதோடு ஒட்டிய ஒரு வீடு. இருந்த வீட்டை விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அவளுக்குச் சொன்னான். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லில்லெஸ்ட்ரோமில், முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் பார்த்த வேலையை அவள் ஒரு கடிதத்தில் விட்டாள்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?"

"ஆண்டவர் சொன்னதை உம்மட்டையும் கேக்கவேணுமே, ஜெனி?"

"அவர் உங்களோட மட்டுந்தான் கதைப்பாரோ? என்னட்டையும் போன் இருக்குதுதானே."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் விமானத்திலும் பஸ்ஸிலும் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

வந்து இறங்கியது நவம்பர் கடைசியில். சூரியன் போய்விட்டிருந்தது, இனித் தை மாதம்தான் என்றார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யன்னலுக்கு வெளியே நீலமாக ஒரு இருட்டு, அதற்குள் கறுப்பாகக் கடல். வீட்டுக்குள் நனைந்த கம்பளியும் பழைய மீன் உப்பும் சேர்ந்த ஒரு மணம். எத்தனை தரம் கழுவினாலும் சுவர்ப் பலகையின் இடுக்கிலிருந்து திரும்ப ஊறி வந்தது.

"முதல் அறை அறையாச் செபம் பண்ணுங்கோ. பிறகு தட்டு வைப்பம்," என்று அவள் முதல்நாளே சொன்னாள்.

"செபவீட்டோட ஒட்டின வீட்டுக்கு என்னத்துக்குச் செபம்? எனக்குப் பசிக்குது." தட்டை வைத்தான். கதிரையைக் காட்டி, வாரும் என்று கூப்பிட்டான்.

யார் கேட்டுக்கொண்டிருந்தார்களோ.

கதிரை இழுபட்ட மறுநாள், செபம் முடிந்து பார்த்தால் நாலாம் தட்டுச் சோற்றில் ஒரு குழி. விரல்கள் அள்ளிய குழி, ஆனால் பெரியவருடைய விரலையும் விட நீளம். அருள்நேசன் தரையில் முழங்காலிட்டு அழுதான். "பாரும் ஜெனி, வந்திட்டார். அப்பா சாகும்வரைக்கும் காத்திருந்தவர். என்ரை வீட்டுக்கு வந்திட்டார்."

"ஆண்டவர் மீன்நாத்தத்தோடயே வாறவர்?"

"வாயைக் கழுவும். அவரின்ரை சீஷர்மார் ஆர்? மீன்பிடிகாரர்தானே."

மிச்சச் சோறு ஈரமாக, கடலுக்குள்ளிருந்து எடுத்ததுபோலக் குளிர்ந்திருந்தது. அவள் தட்டைப் பறிக்கமுன் டிலக்சி வழக்கம்போல அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு பிள்ளை தன் தட்டைத் தொடவில்லை. இடியப்பம் வேண்டாம். பாண் வேண்டாம். அந்த ஒரு பிடிக்காக மட்டும் மேசையில் காத்திருந்தாள். ஒரு கிழமையில் கன்னம் ஒட்டியது. தலைமுடியில் உப்பு மணத்தது.

"ஏன் குஞ்சு, அம்மா சமைச்சது பிடிக்கேல்லையோ?"

"அது சுடுதம்மா," என்றாள் டிலக்சி. "அவர் தாறதுதான் நல்லது."

ஜெனிதாவுக்குப் பயத்தைவிடக் கோபமே முதலில் வந்தது. நாலாம் தட்டைச் சுவரில் அடித்து உடைத்தாள். அடுத்த சாப்பாட்டு நேரம் அருள்நேசன் தன் தட்டை அந்த இடத்தில் வைத்துவிட்டு, தான் சட்டியில் சாப்பிட்டான். பிள்ளையின் ஒட்டிய கன்னம் அவன் கண்ணில் படவில்லை. சோற்றுக் குழிதான் பட்டது.

அவள் ஒஸ்லோவுக்கு இரண்டு ரிக்கெற் போட்டாள். ஒரு மணிக்குப் பஸ்.

"நான் பிள்ளையைக் கொண்டு போறன். நீங்கள் உங்கட விருந்தாளியோட இருங்கோ."

அவன் தலையாட்டினான். "ஓம், போங்கோ. பிள்ளை கடைசியா ஒருக்காச் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"ஒண்டும் வேண்டாம். சப்பாத்தைப் போடு, டிலக்சி."

பெட்டியைப் பனிக்குள்ளால் தெருவோரம் இழுத்துப் போனாள். ஐந்து நிமிடம் இருக்காது. திரும்பி வரும்போது யன்னலில் வெளிச்சம். உள்ளே செபச் சத்தம். அவனுடைய குரல், வேகமாக, அழுகையோடு.

கதவைத் தள்ளினாள்.

மேசையில் தட்டு வைத்திருந்தது. அருள்நேசன் கண்மூடி நின்றான். டிலக்சி நாலாவது கதிரையில் இருந்தாள், ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு.

"எழும்பு."

பிள்ளை எழும்பவில்லை. மென்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் சும்மா கிடந்தன.

ஜெனிதா ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. குனிந்தாள்.

கதிரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, ஒரு மடியின் உயரம். அதற்குள்ளால் பின்சுவர் தெரிந்தது. பிள்ளையின் கம்பளிச் சட்டை இடுப்பைச் சுற்றி நீள நீள விரல்தடங்களாக உள்ளே அமுங்கியிருந்தது. இறுக்கமாக. இன்னும் இறுக்கமாக.

தட்டிலிருந்து ஒரு பிடி சோறு தானாக எழும்பியது.

டிலக்சி வாயைத் திறந்தாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் அம்மாமார் சொல்லும் சொல்லுக்கு வீட்டில் காது இருக்கட்டும். நாளைக்கு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் என்றென்றும் உங்கள் மடியிலேயே இருந்து பசியாறட்டும்.