கடிக்குதுங்க

மடுல்சீமையைத் தாண்டி மேலே ஏறுகிற பாதையில் வேன் இருமிக்கொண்டே வந்தது. முன் ஆசனத்தில் மேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து தேயிலை மலைகளைப் பார்வையிட்டது. பின்னால், பெட்டி படுக்கைகளுக்கு நடுவே முழங்காலை மடித்துக்கொண்டு கிடந்தார் சிதம்பரநாதன். மேஜர் ஒரு நாய். சிதம்பரநாதன் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்த புது வைத்தியர். வண்டி நின்றதும் முதலில் இறங்கியது பெயர்ப்பலகை. பிறகு நாய். கடைசியாகத்தான் ஆள்.

பலகையில் 'டொக்டர்' என்ற சொல் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. நியமனக் கடிதத்தில் அவருக்கு வேறொரு பதவிப்பெயர் உண்டு. அது நீளமாகவும் மரியாதை குறைவாகவும் இருந்தபடியால், யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற வழியில் எங்கேயோ தவறவிட்டுவிட்டார்.

வைத்தியர் பங்களா யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு. சமைக்கவும் பெருக்கவும் தோட்டம் ஏற்பாடு செய்திருந்த ராசம்மா சாவியோடு நின்றாள். கதவைத் திறந்ததும் ஈரக் கம்பளி வாசம் வந்தது. உள்ளே கம்பளி எதுவும் இல்லை.

"நாயும் வருதுங்களா ஐயா?"

"நாய் எண்டு சொல்லக்கூடாது. மேஜர். அவருக்கு இங்கிலிஷ் மட்டும்தான் விளங்கும்."

"அடடா. அப்ப லயத்து வீட்டு நாய்ங்க குலைச்சா இவருக்குப் புரியாதுங்களே, பாவம்."

சிதம்பரநாதன் அதை அனுதாபம் என்றே எடுத்துக்கொண்டார். "கம், மேஜர்" என்றார்.

மேஜர் வாசற்படியில் நின்றது. முன்னறையின் நடுவில் பழைய சாய்மனைக் கதிரை ஒன்று கிடந்தது. மேஜர் அந்தக் கதிரையின் காலடியைப் பார்த்தது. முதுகு மயிர் குத்திட்டு நின்றது.

"கம்."

இங்கிலிஷ் விளங்கியது. ஆனாலும் வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவால் குசினிக்குள் நுழைந்து, அடுப்படியில் சுருண்டுகொண்டது.

சிதம்பரநாதனின் மனைவி சரோஜாதேவியும் மகனும் கனடாவில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். "சாப்பிட்டீங்களோ?" "ஓம்." "குளிரோ?" "ஓம்." வைத்துவிடுவார்கள். யாரையும் நினைத்து ஏங்குகிற இடம் அவருக்குள் மரத்துப்போய்க் கனகாலம். மேஜர் ஒன்றுதான் மிச்சம். அதன் கோப்பையில் சோறு போடும்போது மட்டும் அவருடைய குரலில் பதவி இருக்காது.

வந்த கொஞ்ச நாளில் சாய்மனைக் கதிரைக்குக் கீழே முதல் உண்ணியைக் கண்டார். ஊறவைத்த கடலை மாதிரி, சாம்பல் நிறத்தில், குடித்து உப்பியது. அசையக்கூட முடியாமல் கிடந்தது.

அடுத்த நாளே உண்ணி ஒழிப்பு இயக்கம் தொடங்கிவிட்டது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் புள்ளக் காம்பராவில் கூட்டம். வாசலில் பதாகை, பதாகையில் அவருடைய படம், மூலையில், இடம் மிஞ்சியதால், உண்ணியின் படம். களிசானை வெள்ளைச் சொக்ஸுக்குள் செருகிக்கொண்டு, தானே முன்மாதிரியாக வந்து நின்றார்.

"புல்லுக்குள்ளை போட்டு வந்தால் காதுக்குப் பின்னாலை, கக்கத்துக்குள்ளை, முழங்கால் மடிப்பிலை பாக்கோணும். நாய்க்குக் காது, விரலிடுக்கு. உண்ணி கண்டால் ஊதுபத்தியாலை சுடக்கூடாது. மண்ணெண்ணெய் ஊத்தக்கூடாது. விரலாலை நசுக்கக்கூடாது. மெல்லிய சாமணத்தாலை, தோலோடை ஒட்டப் பிடிச்சு, முறுக்காமல் நேரை இழுக்கோணும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவோணும். காய்ச்சல் வந்தால் உடனை என்னட்டை வரோணும்."

"ஐயா, கொழுந்து மலையில வெள்ளைச் சொக்ஸோட போய் நின்னா, கங்காணி யாருக்குக் கல்யாணம்னு கேப்பாருங்க" என்றாள் ஜீவராணி என்ற கொழுந்துக்காரி. காம்பரா சிரித்தது. குழந்தைகளும் காரணம் தெரியாமல் சிரித்தன.

"சரி, அது ஏறுனா நமக்குத் தெரியுமாங்க?" என்று அவளே கேட்டாள்.

"தெரியாது" என்றார் சிதம்பரநாதன். "பல்லை வைக்கிற இடத்தை மரக்கப் பண்ணிப்போடும். குடிச்சு முடியும்வரைக்கும் ஒண்டும் தெரியாது."

சிரிப்பு நின்றது.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. பிழை வந்தது வேறொரு சொல்லில்.

அன்று பின்னேரம் மலையிலிருந்து மூடுபனி இறங்கி, ஜன்னல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது. சிதம்பரநாதன் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிப் படுத்திருந்தார். ராசம்மா பால் விடாத பிளேன்டீயோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயா" என்றாள், வாய்க்குள்ளே. "கடிக்குதுங்க."

யாழ்ப்பாணத்தில் தோலில் தினவு எடுத்தால் 'கடிக்குது' என்பார்கள். மலைநாட்டில் அது அரிக்கும்; கடிப்பதற்குப் பல் வேண்டும். சிதம்பரநாதன் இருபது வருட அனுபவத்தோடு எழுந்து, அலுமாரியிலிருந்து சொறிச்சல் மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"காலமையும் பின்னேரமும் பூசும்."

ராசம்மா போத்தலைப் பார்த்தாள். அவருடைய கால்களைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போனாள்.

திரும்பக் கதிரைக்குப் போகும்போது கால் கொஞ்சம் இடறியது. மரத்திருந்தது. ரத்தத்தில் சீனி கூடியிருக்கும் என்று நினைத்தார். வைத்தியர் தானே, தன் நோய்க்குத் தானே பெயர் வைக்கிற வசதி இருந்தது.

புல் வெட்டினார்கள். சுவர் வெடிப்புக்கெல்லாம் மருந்து அடித்தார்கள். மேஜருக்கு மாத்திரை கொடுத்து, கழுத்துக்கு மருந்துப் பட்டி போட்டு, தினமும் சாமணத்தால் காது முதல் விரலிடுக்கு வரை தேடினார். ஆனாலும் கதிரைக்குக் கீழே விடியற்காலையில் உண்ணிகள் கிடந்தன. எல்லாம் குடித்து நிறைந்தவை. மேஜர் ஒருநாளும் கால் வைக்காத அறை அது.

ராசம்மா இன்னும் இரண்டு தரம் "கடிக்குதுங்க" என்றாள். இன்னும் இரண்டு போத்தல் கிடைத்தது.

ஒரு மழைப் பின்னேரம் அவர் கதிரையில் கண் அயர்ந்திருந்தபோது குசினிப் பக்கம் நகம் பிராண்டும் சத்தம்.

மேஜர் முன்னறைக்குள் வந்தது.

வயிறு தரையில் படத் தவழ்ந்து வந்தது. உதடு மடிந்திருந்தது. அவருடைய காலடியை நோக்கி ஒரே பாய்ச்சல்.

சீமெந்துத் தரையில் உருண்டது. எழுந்தது. திரும்ப உருண்டது. பல்லோடு பல் மோதும் சத்தம் கேட்டது.

மேஜரின் வாய் மூடியிருந்தது.

சிதம்பரநாதன் செருப்பைக் கழற்றி மேஜரை அடித்தார். ராசம்மா ஓடி வந்தாள்.

"அடிக்காதீங்க ஐயா! கடிக்குதுங்க!"

"கடிச்சால் வெளியிலை போய்ச் சொறியட்டும்!"

மேஜர் வெளியில் போகவில்லை. விழுந்த இடத்திலேயே அவரைப் பார்த்தபடி கிடந்தது. மறுநாள் அதன் பல் முரசு வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது. மூத்திரம் தடித்த பிளேன்டீ நிறத்தில் போயிற்று.

பதுளையில் மிருக வைத்தியர் நூருல் இனாயா மேஜரை மேசையில் படுக்க வைத்து, முன்னறை உண்ணிக் கதையைக் கேட்டபடி நெடுநேரம் பார்த்தார்.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தம் நல்லா இறங்கிட்டுது. இங்கயே விட்டுட்டுப் போங்க. தப்புவானா என்டு இப்ப சொல்ல ஏலாது."

"தப்போணும்" என்றார் சிதம்பரநாதன். கெஞ்சுவதற்குரிய சொல் அது. கட்டளை மாதிரித்தான் வெளியில் வந்தது. "எனக்கு வேறை ஒருத்தரும் இல்லை."

"வீட்டில வேற நாய் இருக்கா?"

"இல்லை."

"நிலத்தில கிடக்கிற உண்ணியெல்லாம் குடிச்சதா, குடிக்காததா?"

"குடிச்சது."

"குடிச்சு முடிச்சாத்தானே டொக்டர் அது கழண்டு விழும். இவன் அந்த அறைக்கே போறல்ல என்டுறீங்க." ஊசியைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அப்ப யார்ட மேல இருந்து விழுது?"

சிதம்பரநாதன் தன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது களிசானைத் தூக்கிப் பார்த்தார். தோலில் ஒரு காயமும் இல்லை. சட்டைப்பையில் கிடந்த ஊசியால் குத்தினார். கணுக்காலில் தெரியவில்லை. முழங்காலில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு ஆசனத்துக்குப் போய்விட்டார்.

ராசம்மா வாசல் இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போகவில்லை.

"ராசம்மா. கடிக்குது, கடிக்குது எண்டு சொன்னீரே. ஆருக்கு?"

"யாருக்குன்னா?"

"ஆருக்குக் கடிச்சது? உமக்கோ, மேஜருக்கோ?"

அவள் சுளகை நிறுத்தினாள். "ஒங்களதாங்க. ஒங்க காலத்தான் கவ்விக்கிட்டு இருந்துச்சு. நீங்க பாட்டுக்குப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"அதை ஏன் விளக்கமாச் சொல்லேல்லை?"

"வந்து வந்து சொன்னேனே ஐயா. சொன்னப்பல்லாம் மருந்து குடுத்தீங்க." கொஞ்சம் யோசித்தாள். "நல்ல மருந்துங்க. மாமியாருக்கு அரிப்பே நின்னுருச்சு."

மூடுபனி முற்றத்தைத் தாண்டி வந்தது. சிதம்பரநாதன் படியில் அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். பங்களாவுக்கு வந்து இப்படி அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"என்ன அது?"

"முன்னாடி இருந்த டொக்டர் ஐயாவோட நாய். கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டாங்கள்ல, அதுக்கு மொதநாளு ரெண்டு நாள்ல வர்றேன்னு ஊருக்குப் போனாரு. கதிரைக் கால்ல கட்டிப் போட்டுட்டு, வீட்டப் பூட்டிட்டு. அப்புறம் ரோட்டெல்லாம் மூடிட்டாங்க. அவரால வர முடியல."

"அது குலைச்சிருக்குமே."

"எல்லாருக்கும் கேட்டுச்சு. டொக்டர் பங்களாக் கதவ யாருங்க ஒடைக்கிறது?" அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "தொறக்கறப்ப சொட்டு ரத்தம் இல்லாம வெளுத்துக் கெடந்துச்சு. மேல பூராவும் உண்ணி. நெல்லு கொட்டுனாப்ல."

பயப்பட வேண்டிய நேரம் இது என்று சிதம்பரநாதனுக்குத் தெரிந்தது. காத்திருந்தார். பயம் வரவில்லை. முழங்காலிலிருந்து ஏறிய மரப்பு நெஞ்சுவரைக்கும் வந்திருந்தது.

உள்ளே, முன்னறையில், கதிரை மெல்லக் கிரீச்சிட்டது. யாரோ எழுந்து இடம் விட்டது போல.

அவர் மாற்றுத்துணி எடுக்கக்கூட உள்ளே போகவில்லை. வந்த பஸ்ஸிலேயே பதுளைக்குத் திரும்பினார். லொட்ஜ் ஒன்றில் அறை எடுத்தார். மொனராகலைப் பக்கம் இடமாற்றம் கேட்டு எழுதினார். காரணம்: குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பேய்க்குப் பயந்து ஓடியவர் என்று பெயர் எடுப்பதைவிடக் குளிருக்குப் பயந்தவர் என்பது கௌரவம். மேஜர் பிழைத்தால் போதும். மொனராகலை வெயிலில் இரண்டு பேருமாக இருந்துவிடலாம்.

சில நாள் கழித்துக் காலையில் போன் வந்தது. "வந்து கூட்டிட்டுப் போங்க டொக்டர். ஆள் நல்லா சாப்பிடுறான்."

ஒரு காலை இழுத்து இழுத்துப் போனார். மேஜர் கூட்டுக்குள் எழுந்து நின்றது. முரசு சிவந்திருந்தது. கண்ணில் வெளிச்சம். அவரைக் கண்டதும் வாலை ஆட்டியது.

பிறகு அவருடைய காலடியைப் பார்த்தது.

வால் நின்றது. பின்னால் நகர்ந்து, கூட்டின் மூலையில் முதுகை ஒட்டி உட்கார்ந்தது.

"கம், மேஜர்."

வரவில்லை.

"மேஜர். வா. வாடா ராசா." வாழ்நாளில் முதல்தடவையாக அதோடு தமிழில் பேசினார்.

அது முனகியது. வரவில்லை.

நூருல் இனாயா கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். வாசலில் நோயாளிகள் வரிசை நீளம்; அவசரத்தில் இருந்தார். ஈரக் கம்பளி வாசத்துக்கு மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறந்துவிட்டார். திரும்பும்போது சிதம்பரநாதனின் காலடியை ஒருதரம் பார்த்தார்.

"வேற நாய் இல்ல என்டு சொன்னீங்களே டொக்டர்" என்றார். "சரி, அவனையும் தூக்கி மேசையில விடுங்க. பாத்துருவம். ஐயோ, என்ன இது, இவ்வளவு வெளுத்துப் போயிருக்கான்."

சிதம்பரநாதன் குனியவில்லை.