அணைத்து வைத்த வண்டி

மதியம் 3.20. ஜூலை மாதம். கடலிலிருந்து அடித்த காற்றில் காற்றைவிட ஈரம்தான் அதிகம் இருந்தது.

மண் பாதையின் ஓரத்தில் அந்த வெள்ளை வண்டி முன் வலது சக்கரம் இல்லாமல் சரிந்து கிடந்தது. ஜாக்கி சாய்ந்து கிடந்தது. வண்டிக்கு அடியில் ஸஹ்ரானின் பிணம். இருபத்தொன்பது வயது. அப்பா இறந்தபின் ஊர் கூடி, மூத்தவனை விட்டுவிட்டு இவனைத்தான் ஊர்த்தலைவராக, ஷேக்காகத் தேர்ந்தெடுத்திருந்தது. நியமனக் கடிதம் வாங்க அண்ணனோடும் டிரைவரோடும் மஸ்கட்டுக்குக் கிளம்பியவன், பாதி வழியில் இப்படி.

டிரைவர் ஷம்பேக்கு ஏற்கெனவே விலங்கு மாட்டியாகிவிட்டது. மாட்டச் சொன்னது ஸஹ்ரானின் அண்ணன் கஹ்லான். மாட்டியது கான்ஸ்டபிள் ரபீஆ. பெரிய வீட்டுக்காரர் சொன்னால் ரபீஆவின் கை தானாக வேலை செய்யும்.

"விபத்துதான் மேடம்," என்றான் ரபீஆ. "ஏர் சஸ்பென்ஷன் வண்டி. ஜாக்கி வைக்கறதுக்கு முன்னாடி காத்துப்பைய பட்டன் போட்டுப் பூட்டணும். இவன் மறந்துட்டான். ஒரு மூலை தூக்கி இருக்கறதப் பாத்து, வண்டி தானே மட்டம் பண்ணப் பாக்கும். காத்த விடும், இறங்கும். ஜாக்கி சரிஞ்சிடும்."

இன்ஸ்பெக்டர் முஸ்னா சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ரபீஆவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் சட்டையும்தான். ஷம்பேயைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும். கஹ்லானின் வெள்ளை அங்கி மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நீ சொல்லு ஷம்பே."

"பட்டனப் போட்டேம்மா. திரையில விளக்கு எரிஞ்சதப் பாத்தேன். போட்டுட்டா, மறுபடி எஞ்சின ஓடவிட்டு எடுக்கற வரைக்கும் அது அப்படியே நிக்கும். கழட்டின சக்கரத்தையும் வண்டிக்கு அடியில படுக்கவெச்சேன். ஜாக்கி சரிஞ்சாலும் சக்கரம் தாங்கிக்கும். மணல்ல ஓட்டறவங்க எல்லாரும் செய்யறதுதானே."

"நட்டெல்லாம்?"

"என் தொப்பியில போட்டு பானெட் மேல வெச்சேன். ஆறு நட்டு."

தொப்பி பானெட்டில்தான் இருந்தது. உள்ளே ஐந்து நட்டு. கழட்டிய சக்கரமோ பத்தடி தள்ளி ஒரு முள்மரத்தில் சாய்ந்து நின்றது.

"அதுக்கப்புறம்?"

"ஸ்டெப்னில காத்து இல்லம்மா. பெரிய ஐயா, பஞ்சர் கடைக்கு உருட்டிக்கிட்டுப் போடான்னாரு. ரெண்டு கிலோமீட்டர். 1.50க்குக் கிளம்பினேன். திரும்பறப்போ மூணு அஞ்சு. சின்னையா..." அவன் விலங்கிட்ட கைகளை வண்டிப் பக்கம் நீட்டினான். "பதினெட்டு வருசமா ஓட்டறேம்மா. ஒரு ஆட்டுக்குட்டியக்கூட இடிச்சதில்ல. என் மகளுக்கு அடுத்த மாசம் நிக்காஹ். ஜெயில்ல இருக்கறவன் வீட்டுல யாரு பொண்ணெடுப்பா?"

"நாடகம்," என்றார் கஹ்லான். "தங்கச்சி, இதெல்லாம் ஆம்பளைங்க பாக்கற வேலை. என் தம்பிய எடுத்துக் குடுங்க, பொழுது சாயறதுக்குள்ள, மக்ரிபுக்கு முன்னாடி அடக்கணும்."

"குடுத்துடலாம். நீங்க எங்க இருந்தீங்க?"

"அதோ பள்ளிவாசல். இவன் கிளம்பினதும் நானும் தொழப் போனேன். தொழுதுட்டு அங்கேயே கண்ணசந்துட்டேன். இவன் வர்றதப் பாத்துத்தான் இறங்கி வந்தேன்."

பள்ளிவாசல் முந்நூறு அடி தூரத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி வரலையா?"

"அவன் பயணத் தொழுகைய அப்பறம் சேத்துத் தொழுவான். வண்டிகிட்ட இருக்கேன்னான்."

"வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"இல்ல. அணைச்சுட்டுத்தான் போனேன்."

"இந்த வெயில்லயா?"

கேள்வி வேடிக்கையானது. இந்த ஊரில் ஜூலையில் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை. கடைக்குப் போனாலும் ஓடும், கல்யாணத்துக்குப் போனாலும் ஓடும்.

"ஜாக்கில நிக்கற வண்டிய ஓடவிடுவாங்களா?" என்றார் கஹ்லான். "சாவி என் பையிலதான் இருந்துச்சு. எடுத்து யார்கிட்டயும் குடுக்கல. இந்த வண்டி அணைச்சு வெச்சாலும் தானா இறங்கும். அதான் என் தம்பியக் கொன்னுச்சு."

"எழுதிக்கோ ரபீஆ. ஒரு வார்த்தை விடாம."

3.40. மீட்பு வண்டி வந்து தூக்கியது. பிணத்தை இழுத்து வெளியே வைத்தார்கள். நெஞ்சு நசுங்கியிருந்தது. இடது கையில் ஆறாவது நட்டு. அவன் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் மணலில் சக்கர அளவுக்கு ஒரு வட்டத் தடம். அதிலிருந்து வெளியே வரை இழுத்த கோடு. ஷம்பே பொய் சொல்லவில்லை என்று முஸ்னாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யார் பொய் சொல்கிறார் என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும்.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஸஹ்ரானின் அங்கியில் வலது தோள் தொப்பலாக நனைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது.

"வேர்வை மேடம்," என்றான் ரபீஆ.

"ஒரு தோளுக்கு மட்டுமா வேர்க்கும்?"

முஸ்னா ஸஹ்ரானின் உதட்டைப் பார்த்தாள். உதட்டிலும் நாக்கிலும் ஈர மணல். வலது கை விரல்களிலும் அதே மணல். தோள் கிடந்த இடத்தின் ஓரத்தில் விரலால் தோண்டிய சின்னக் குழி ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. நேர் மேலே, வண்டியின் வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

முஸ்னா அந்த ஈரக் குழியை விரலால் தொட்டுப் பார்த்தாள். எழுந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"ரபீஆ, விலங்கக் கழட்டு."

"மேடம், ஷேக்..."

"ஷேக் செத்துட்டாரு. இவரு ஷேக் ஆகாத அண்ணன். கழட்டி இவர் கையில மாட்டு."

கஹ்லான் சிரித்தார். "என்ன பேசறே நீ?"

"ஸ்டெப்னில காத்த எறக்கினது நீங்க. ஷம்பேய ஒரு மணி நேரத்துக்கு அனுப்பணும். அடியில இருந்த சக்கரத்த இழுத்தது நீங்க. இழுத்துட்டு, தொப்பில இருந்து ஒரு நட்ட எடுத்து உள்ள உருட்டி விட்டீங்க. தொப்பில இருக்கற நட்டு தானா நடந்து போகாது. உள்ள ஒண்ணு விழுந்திருச்சு, எடுடான்னீங்க. அண்ணன் சொன்னா அவன் குனிவான். அவன் உள்ள போனதும் எஞ்சினப் போட்டுப் பட்டன எடுத்தீங்க."

"நான் பள்ளிவாசல்ல இருந்தேன்னு சொன்னேன். வண்டி அணைஞ்சிருந்துச்சு."

"அணைஞ்ச வண்டியில ஏசி தண்ணி எப்படிச் சொட்டும்?"

கஹ்லானின் பார்வை அந்த ரப்பர் குழாய்க்குப் போனது.

"அந்தத் தண்ணி அவன் தோள்ல சொட்டியிருக்கு. தோள் அந்த எடத்துல சிக்கினது வண்டி விழுந்தப்பறம். அப்போ வண்டி விழுந்தப்பறமும் ஏசி ஓடியிருக்கு. தோள் இப்படி நனைய அரை மணி நேரமாவது ஆகும். சாவி ஒண்ணு, அது உங்க பையில. நீங்களே சொன்னீங்க, எழுதியாச்சு." அவள் நிறுத்தினாள். "வேலை முடிஞ்சதும் போயிருக்கலாம். வெயில் தாங்கல. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்துட்டீங்க. தொழுது, தூங்கி, முந்நூறு அடி நடந்தவரோட அங்கியில ஒரு மடிப்பாவது கலைஞ்சிருக்கும்."

"அவன் உடனே செத்துட்டான்," என்றார் கஹ்லான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

"இல்ல," என்றாள் முஸ்னா. "தாகம் எடுத்திருக்கு. உங்க ஏசி தண்ணி விழுந்த மண்ண விரலால தோண்டி வாயில வெச்சிருக்கான். உங்க சீட்டுக்குக் கீழ, ரெண்டடி தூரத்துல."

ஷம்பே விடுபட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தனக்காக அல்ல.

4.15. ரபீஆ கஹ்லானைப் போலீஸ் வண்டியின் பின் சீட்டில் உட்கார வைத்தான். வழக்கம்போல அதன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் மணலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கஹ்லான் விலங்கிட்ட கைகளை உயர்த்தி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினார்.

"தம்பி," என்றார் ரபீஆவிடம், "ஏசிய கொஞ்சம் கூட்டு."