கொம்பில் ஒரு பட்டுத் துண்டு

"அய்யோ... அண்ணே!"

முத்துத்தாயின் அலறலில் ஜமீன் பங்களாவே அதிர்ந்தது.

1938. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை. ஆனையூருக்கு வடக்கே, ஜமீன்தார் உக்கிரபாண்டியின் மிருகக் கொட்டடி.

வேலிக்குள் ஓர் ஆப்பிரிக்க மான். காளை உயரம், ஈட்டி மாதிரி கொம்பு! பக்கத்தில் ஒரு வரிக்குதிரை.

வேலிக்கு வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தான் மருது. எழுமலையின் பேர்போன மாடுபிடி வீரன். முத்துத்தாயின் உடன்பிறந்த அண்ணன்.

பிணம்!

அவள் புருஷன் சோணை கைவிலங்கோடு நின்றான். மிருகங்களுக்குத் தீனி போடுகிறவன்.

"மச்சானுக்கும் மாப்ளைக்கும் தகராறு," என்றார் ஜமீன்தார். "மண்டையில அடிச்சு உள்ள வீசிட்டான். கேஸை முடிங்க!"

இன்ஸ்பெக்டர் கருத்தக்கண்ணன் குனிந்து பார்த்தார். பிடரியில் குளம்புத் தடம்! உடம்பில் ஒரு கொம்புக் கீறல்கூட இல்லை.

"எசமான்... ரெண்டையும் ஒண்ணா அடைக்காதீக, ஆகாதுன்னு காலைப் பிடிச்சுச் சொன்னேன்!" சோணை கதறினான். "மகாராசாதான் நேத்து அடைக்கச் சொல்லி, சாவியையும் வாங்கிக்கிட்டாக!"

முத்துத்தாய் நெஞ்சில் அறைந்துகொண்டாள். "கூடப் பொறந்தவனும் போயிட்டான்... தாலி கட்டுனவனையும் தூக்குல போடப் போறாகளே! நான் எங்க போயி முட்டிக்கிருவேன்?"

ஜமீனை எதிர்த்து அங்கே மூச்சுவிட யார் இருக்கிறார்கள்?

இன்ஸ்பெக்டரின் பார்வை மானின் கொம்பில் நின்றது. சிவப்புப் பட்டுத் துண்டு! ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கட்டுகிற அதே மாதிரி.

"போன வருஷம் ஜல்லிக்கட்டுல உங்க காளையை அணைஞ்சு பிடிச்சது மருதுதானே?"

ஜமீன்தார் முகம் சிவந்தது. பிறகு... சிரித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆமய்யா. ஊரே சிரிச்சுச்சு. நேத்து, 'துண்டை அவுருடா பாப்போம்'னேன். உள்ள போனான். மாடு பிடிக்கிறவன் கொம்பை விட்டுக் கண்ணை எடுப்பானா? பின்னாடி நின்னதை அவன் பாக்கல. என் துண்டு, என் மான், என் கொட்டடி. எந்தச் செக்ஷன்ல பிடிப்பீரு? எவன் கோர்ட்டுல வந்து சொல்லுவான்? சோணையை இழுத்துட்டுப் போங்க!"

செக்ஷன் இல்லை... சாட்சியும் இல்லை!

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். போட்டிருந்த காக்கிச் சட்டை மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

"அந்தத் துண்டாவது வேணும்."

"துண்டா? இப்பவே அடுப்புல போடுறேன், பாரும்!"

ஜமீன்தார் வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனார். மானுக்கு ஆசை காட்டக் கையில் கரும்பு. கண், கொம்பின் மேலேயே! அவரும் காளை வளர்த்தவர்தானே.

மான் சீறித் தலையைத் தாழ்த்தியது. அவர் ஓரடி பின்வாங்கினார்... இன்னும் ஓரடி...

"மகாராசா! பின்னாடி பாருங்க!" விலங்கு மாட்டிய கைகளைத் தூக்கிக் கத்தினான் சோணை. வேறென்ன செய்ய முடியும் அவனால்?

படார்!

பிடரியில் அதே குளம்புத் தடம். ஜமீன்தார் எழுந்திருக்கவே இல்லை.

இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த ஏட்டு பேயாண்டி, சோணையின் விலங்கைக் கழற்றினார். முத்துத்தாய் அப்போதும் அண்ணனின் தலையை மடியில் வைத்து அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"ஐயா... கொலை பண்ணுனது நிக்குதே," ஏட்டு வரிக்குதிரையைப் பார்த்தார். "இந்த விலங்கை அதுக்கு மாட்டவா?"

"விடும்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "அது பொறக்கும்போதே ஜெயில் உடுப்போட பொறந்துருக்கு!"